அடித்த மணி பதினேழு

ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கவனித்து, கடைசியில் எல்லாவற்றையும் நினைவிலிருந்து சொல்லும் வித்தைக்குக் கவனகம் என்று பெயர். அதைக் கற்றுக்கொடுத்த மங்கையர்க்கரசிக்கு வயது நாற்பது. கற்றுக்கொள்ள வந்த இசக்கிமுத்துவுக்கு அறுபத்தெட்டு. முப்பது வருடம் பேருந்து நடத்துநராக இருந்தவர்.

அவர் வந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். அவருடைய அண்ணன் கடைசிக் காலத்தில் அவரைப் பார்த்தே "நீங்க யாரு?" என்று கேட்டார். தானும் ஒருநாள் அப்படிக் கேட்டுவிடுவோமோ என்று இசக்கிமுத்துவுக்குப் பயம்.

அன்றைய பயிற்சி இதுதான்: கணக்குப் போட்டுக்கொண்டே, முதுகுக்குப் பின்னால் அடிக்கும் மணியை மனத்துக்குள் எண்ண வேண்டும்.

"எத்தனை மணி, ஐயா?"

"பதினொண்ணு!"

"பதினேழு," என்றார் மணி அடித்த பூரணம். அவரும் மாணவிதான், பேரன் எடுத்தவர். "மிச்சம் ஆறையும் எலி தூக்கிட்டுப் போயிருச்சா, அண்ணாச்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். இசக்கிமுத்து மட்டும் சிரிக்கவில்லை.

"ஆரம்பிச்சிருச்சு, டீச்சரம்மா. எங்கண்ணனுக்கும் இப்படித்தான்."

ஆசிரியை பூரணத்திடம் கூழாங்கல் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, இசக்கிமுத்துவின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இப்ப முதுகில விழுற கல்லை எண்ணுங்க."

கேள்விகள் சரமாரியாக வந்தன. பெருக்கல் கணக்கு, பத்து ஊர்களின் பெயர், ஒரு வெண்பாவின் ஈற்றடி. நடுநடுவே முதுகில் ஒரு கல், சற்றுப் பொறுத்து இன்னொன்று.

"இருபத்து மூணு!"

"சரி!" பூரணம் கத்தியேவிட்டார். "ஒண்ணுகூடத் தப்பலை!"

இசக்கிமுத்து ஊர்களைத் தலைகீழாகவும் சொல்லிக் காட்டினார். கைதட்டலில் கூடம் அதிர்ந்தது.

"மணியையும் அடிங்க! இந்தத் தடவை விட மாட்டேன்!"

கண்ணை மூடிக் காத்திருந்தார். காத்துக்கொண்டே இருந்தார்.

"எப்ப அடிப்பீங்க, டீச்சரம்மா?"

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்து திரும்பினார். பூரணம் வாசலருகே நின்றிருந்தார். அவர் கையில் மணி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மறு கையின் ஐந்து விரல்களையும் அடித்த கணக்காக விரித்துக் காட்டினார்.

"காதா?" இசக்கிமுத்து துள்ளி எழுந்தார். "அட, காதுதானா! மறதி இல்லையா!"

மறுகணமே அவர் குரல் இறங்கியது. "எங்கண்ணன்கிட்டயும் கத்திக் கத்திப் பார்த்தோம். அப்புறம் அலுத்துப்போய், பேசுறதையே விட்டுட்டோம்."

தன் காதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"டாக்டரைப் பார்த்துக் கருவி மாட்டிக்கிட்டா, எனக்கு அந்த நோய் வரவே வராதா, டீச்சரம்மா?"

"அதுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது, ஐயா. உங்க ஞாபக வண்டியில இன்னும் நிறைய இடம் இருக்குன்னு மட்டும் தெரியுது. முதல்ல கதவைத் திறங்க."