தலைவருக்குத் தடுமன்

தேர் வடத்தை முதலில் தொடும் மரியாதை ஊராட்சித் தலைவர் சடையப்பருடையது. தேருக்கு முந்தின நாள் அவர் தும்மிக்கொண்டே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார். வரிசையில் நிற்கவில்லை.

“ஏம்மா, ஆன்டிபயாட்டிக் எழுது. இல்லேன்னா நாளைக்கே உன்னை மலைக்கு மாத்திடுவேன்.”

புதிதாக வந்த டாக்டர் பூங்கோதை அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

“வெறும் தடுமன்தான் ஐயா. அந்த மாத்திரை இதுக்குக் கேட்காது. நிமோனியான்னா எழுதலாம்.”

“அப்ப நிமோனியான்னே எழுது!”

“எழுதினா இப்பவே பெரியாஸ்பத்திரியில படுக்கணும். நாளைக்கு வடத்தை உங்க பங்காளி தொடட்டுமா?”

தலைவர் துள்ளி எழுந்தார். “யாருக்கு நிமோனியா? எனக்கு வெறும் தடுமன்!”

வரிசை முழுவதும் சிரித்தது.

“நீங்க மாத்தினா நான் நாளைக்கு மலைக்குப் போறேன் ஐயா. நீங்க இப்ப வீட்டுக்குப் போய் ஆவி பிடிங்க. அடுத்தது யாரு?”