வாசலில் விட்ட கவலை

பூசணிப்பாளையத்து ஜனங்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னது சொன்னபடி செய்வார்கள். கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். வில்லங்கமே அதில்தான் இருக்கிறது.

அந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, விதைக்கடை மாடியில், தெய்வானை டீச்சர் ஒரு யோகா நிலையம் நடத்தி வந்தார். பிரமாதமான இடம் ஒன்றுமில்லை. ஒரு கூடம், நாலு ஜன்னல், மூலையில் சுருட்டி வைத்த பாய்கள், ஒரு பானைத் தண்ணீர். ஆனால் யார் படியேறி வந்தாலும் டீச்சர் வாய் நிறைய "வாங்க, வாங்க" என்பார். ஆசனம் வராவிட்டாலும் அந்த "வாங்க"வுக்காகவே வருகிறவர்கள் உண்டு.

அதில் முதல் ஆள் சென்னியப்பன். ரிட்டையரான பஸ் கண்டக்டர். வீட்டில் அவர் எங்கே உட்கார்ந்தாலும் சம்சாரம் விளக்குமாறோடு வந்து, "செத்த எந்திரிங்க, கூட்டோணும்" என்பாள். டீக்கடைக்குப் போனால் பெஞ்சைத் துடைக்க வந்துவிடுவார்கள். பாவம், ஊர் ஜனம் முழுக்க உட்கார இடம் பிடித்துக் கொடுத்த மனுஷனுக்கு உட்கார ஒரு இடமில்லை. மாடிக் கூடத்தில் மட்டும்தான் அவரை எழுப்பிவிட ஆள் கிடையாது. அந்த இடம் என்றால் அவருக்கு உயிர்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. கட்டிடத்துக்காரர் பொங்கியண்ணன் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். ஒருநாள் வந்து கூடத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"டீச்சரம்மா, தீவன மூட்டை அடுக்க எடமில்லாம நான் தவிக்கறேன். இங்க நாலு பேரு படுத்துத் தூங்கறீங்க. ஞாயித்துக்கிழமை வருவேன். கூடம் நெறைய ஆளிருந்தா சரி. இல்லாட்டி மூட்டையைக் கொண்டாந்து எறக்கிருவேன்."

போதாத காலம், அன்றைக்கே ஈரோட்டிலிருந்து டீச்சரின் மகளுக்கு வலி வந்துவிட்டதென்று போன். டீச்சர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே சென்னியப்பன், சைக்கிள் கடை நாச்சிமுத்து, போண்டா கடை செல்லாத்தாள் மூன்று பேரும் ஓடினார்கள். பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு டீச்சர் சொன்னார்:

"சென்னியப்பண்ணா, நான் வர்ற வரைக்கும் நீங்கதான் பாத்துக்கோணும். வர்றவங்க வெறும் வயித்தோட வரோணும். கவலையெல்லாம் செருப்போட வாசல்லயே விட்டுட்டு உள்ள வரச் சொல்லுங்க. கடைசியில சவாசனம். வழக்கமா நான் 'எந்திரிங்க'ன்னு சொல்ற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது. ஆனா இப்ப நான் இல்லாததால..."

பஸ் கிளம்பிவிட்டது. காதில் விழுந்த வரைக்கும் மூவரும் பயபக்தியோடு மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

மறுநாள் விடியற்காலை செல்லாத்தாள் வாசலில் நின்றாள். முதலில் வந்தது தபால்காரர்.

"வாங்க வாங்க. சாப்டீங்களா?"

"ஆச்சுங்கக்கா" என்றார் தபால்காரர்.

"அப்ப போயிட்டு வாங்க."

அந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே? சாப்பிட்டாயா என்று கேட்டால், பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் "ஆச்சுங்க" என்றுதான் சொல்வார்கள். வேறு மாதிரி சொன்னால் மரியாதையாக இருக்காது. அன்று வந்த அத்தனை பேரும் மரியாதைக்காரர்கள். அத்தனை பேரையும் செல்லாத்தாள் சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பினாள். அடுத்த நாளும் அதே கதை. சனிக்கிழமை படியேற ஒரு ஈ காக்கா இல்லை.

மூவரும் காலிக் கூடத்தில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"ஏனுங்கண்ணா, நம்மூர்ல வெறும் வயித்தோட ஒருத்தரும் இல்லையாட்ட இருக்குது?" என்றாள் செல்லாத்தாள்.

"செழிப்பான ஊருங்கக்கா" என்றார் நாச்சிமுத்து பெருமையாக.

சென்னியப்பனுக்குப் பெருமைப்பட முடியவில்லை. நாளைக்கு ஞாயிறு. பாய் கிடக்கும் இடத்தில் மூட்டை வந்துவிட்டால் அப்புறம் எங்கே போய் உட்காருவது? கண் கலங்கிவிட்டது அவருக்கு. மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தபோது மூளையில் பளிச்சென்று ஒன்று பட்டது.

"டீச்சரம்மா என்ன சொன்னாங்க? 'வர்றவங்க' வெறும் வயித்தோட வரோணும்னாங்க. நாமளே போய்க் கூட்டியாந்தா?"

"கூட்டியாந்தா அவங்க வந்தவங்க ஆகமாட்டாங்க" என்றார் நாச்சிமுத்து.

"வயித்தைப் பத்திக் கேக்க வேண்டியதே இல்லீங்களே!" என்றாள் செல்லாத்தாள். அடேயப்பா, இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் கண்டக்டராகவே இருந்துவிட்டாரே என்று இருவருக்கும் ஆற்றாமையாக இருந்தது.

ஞாயிறு காலையில் சென்னியப்பன் பழைய விசிலை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். "யோகா யோகா யோகா! எடம் இருக்குது, ஓடியா ஓடியா!" என்று அவர் கத்தியதும், நின்றுகொண்டிருந்த ஜனம் மூட்டை முடிச்சோடு மாடிப்படியில் பாய்ந்தது. இடம் இருக்கிறது என்று ஒரு கண்டக்டர் சொல்லி அந்த ஊரில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

"காங்கேயம் போகுங்களா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

"முதல்ல ஏறுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றார் சென்னியப்பன்.

வாசலில் அடுத்த சிக்கல். செருப்பைக் கழற்றிவிடலாம். கவலையை எப்படிக் கழற்றுவது?

"வாயால சொல்லி வெச்சுட்டுப் போகட்டும்" என்றாள் செல்லாத்தாள்.

"திரும்பிப் போறப்ப மாறிப் போச்சுன்னா? ஒருத்தர் கவலையை இன்னொருத்தர் தூக்கிட்டுப் போயிட்டா நாமதானுங்க பதில் சொல்லோணும்" என்று நாச்சிமுத்து பதறினார்.

"டோக்கன் குடுத்துரலாம்" என்றார் சென்னியப்பன்.

கல்யாணப் பத்திரிகைகளைத் துண்டு துண்டாக வெட்டி நம்பர் போட்டார்கள். சென்னியப்பனே முதலில் போய் வாசற்படியில் குனிந்து, "இந்த எடம் போயிருமோன்னு கவலையா இருக்குது" என்று சொல்லி வைத்துவிட்டு, ஒன்றாம் நம்பர் டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உடனே மனசு லேசாகிவிட்டது. செல்லாத்தாள், "என்ற கோழி பக்கத்து வீட்டு வைக்கோல் படப்புல போய் முட்டையிடுது" என்று வைத்தாள். நாச்சிமுத்து தன் மச்சான் வீட்டோடு வந்து தங்கியிருப்பதை வைத்தார். படியெல்லாம் கவலை நிறைந்துவிட்டது.

பொங்கியண்ணன் வந்தார்.

"வாங்க வாங்க! கவலையை வெச்சுட்டு டோக்கன் வாங்கிக்கங்க" என்றாள் செல்லாத்தாள்.

அவரும் பூசணிப்பாளையத்துக்காரர்தானே. "தீவன மூட்டை வெக்க எடமில்லை" என்று ஓரமாகப் பார்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

கூடம் நிரம்பி வழிந்தது. சென்னியப்பன் மட்டும் படுக்கவில்லை. வண்டி ஓடும்போது கண்டக்டர் படுக்கலாமா? "முன்னால போ, முன்னால போ, நடுவுல நிக்காதே. எல்லாரும் காலை மேல தூக்கு!" என்றார். எல்லோரும் மல்லாந்து காலைத் தூக்கினார்கள். சட்டைப்பையிலிருந்தும் மடியிலிருந்தும் டோக்கன்கள் பொலபொலவென்று கொட்டின.

அப்புறம் சவாசனம். எல்லோரும் கண்ணை மூடி அசையாமல் கிடந்தார்கள். நேரம் போனது. வெயில் ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்து முகத்தில் அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"அண்ணா, எந்திரிக்கலாங்களா?" என்று படுத்தவாக்கிலேயே கேட்டார் நாச்சிமுத்து.

"டீச்சரம்மா சொல்லோணும்."

"டீச்சரம்மா ஈரோட்டுல இருக்காங்களே."

"வர்ற வரைக்கும் கெடக்க வேண்டீதுதான்."

"அவங்க புள்ளைக்குப் பேரு வெச்சுட்டுத்தான் வருவாங்க" என்றாள் செல்லாத்தாள் கண்ணைத் திறக்காமல்.

"எனக்குக் காங்கேயம் போகோணும்" என்று மூலையிலிருந்து ஒரு குரல் அழுதது.

சென்னியப்பன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். 'எந்திரிங்க' என்று அவர் சொல்லக் கூடாது, சரி. விசில் அடிக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லவில்லையே? இழுத்து ரெண்டு விசில் அடித்தார்.

பஸ் கிளம்பிவிட்டது என்று நினைத்து ஜனம் மொத்தமும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தது. தரையில் கிடந்த டோக்கனில் கைக்கு அகப்பட்டதைப் பொறுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். செல்லாத்தாள் ஒருத்தியாக நின்று நம்பர் பார்த்துப் பட்டுவாடா செய்தாள்.

"இந்தாங்க, உங்களுக்கு மூட்டுவலி. உங்களுக்கு மருமவ பேசறதில்லை. உங்களுக்கு, ஏனுங்க பொங்கியண்ணா, கோழி பக்கத்து வீட்டுப் படப்புல முட்டையிடுது."

"என்னுது இது இல்லையே அம்மிணி?"

"டோக்கன்ல போட்டிருக்குதுங்களே."

பொங்கியண்ணன் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பர் நம்பர்தான். அந்தப் படப்பு எது என்று விசாரித்துக்கொண்டு படியிறங்கினார்.

தீவன மூட்டை நாச்சிமுத்துவுக்கு விழுந்தது. மனுஷன் ஆடிப்போய்விட்டார். அத்தனை மூட்டையை எங்கே கொண்டுபோய் வைப்பது? சோறு இறங்கவில்லை. சாயங்காலத்துக்குள் மச்சானை அறையிலிருந்து கிளப்பிவிட்டு, பண்ணையிலிருந்து மூட்டைகளை வண்டியில் ஏற்றி வந்து அங்கே அடுக்கிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

டீச்சர் திரும்பி வந்தபோது பொங்கியண்ணன் கையில் முட்டையோடு எதிரே வந்தார். "கூடமா? நீங்களே வெச்சுக்கங்க டீச்சரம்மா. மூட்டை இப்ப நாச்சிமுத்து பாடு. எனக்கு இந்தக் கோழியோட ரோதனையே சரியா இருக்குது" என்றார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

ஒன்றும் புரியாமல் டீச்சர் மாடிப்படியில் காலை வைக்கப் போனார்.

"பாத்துங்க, பாத்து! மிதிச்சிராதீங்க!" என்று மேலிருந்து மூன்று பேரும் அலறினார்கள். மேல் படியில் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மழை வந்தால் நனையாமலிருக்க அதன்மேல் ஒரு சாக்கு.

"என்னங்க இது?"

"ஒரு கவலைங்க" என்றாள் செல்லாத்தாள். "அன்னிக்கு முதல்ல வெச்சது. யாருதுன்னு மறந்துபோச்சு. இன்னும் ஒருத்தரும் வந்து எடுக்கலீங்க."

"வாங்க டீச்சரம்மா, வாங்க வாங்க" என்று சென்னியப்பன் வாய் நிறையச் சிரித்து, முகம் துடைக்கச் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். கூடவே ஒரு பத்திரிகைத் துண்டு வந்து விழுந்தது. ஒன்று என்று போட்டிருந்தது. அதை நாலாக மடித்து, காற்றில் அடித்துக்கொண்டிருந்த ஜன்னலின் இடுக்கில் சொருகினார். ஜன்னல் கம்மென்று நின்றது.

பிறகு தன் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, கூடையைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"யாரு பெத்த புள்ளையோ தெரியலீங்க டீச்சரம்மா. கவலையை இங்க விட்டுட்டு அந்தாளு தனியா என்ன பாடு படறானோன்னு நெனச்சா, எனக்கு ராத்திரியில தூக்கமே வர்றதில்லீங்க."