மத்தியானச் சோறு

மடத்துச் சமையல்கட்டில் வடிவாம்பாள் கீரை ஆய்ந்த வேகத்தில் காம்பு பாத்திரத்துக்குள்ளும் இலை குப்பையிலும் விழுந்துகொண்டிருந்தன. குரு வந்து எதிரே உட்கார்ந்து, குப்பையிலிருந்த இலைகளைப் பொறுக்கினார்.

“கீரை மேல் என்ன கோபம்?”

“தெரியாத மாதிரி கேட்காதீங்க சாமி. கட்சிக் கொடிக்கம்பத் தகராறில் பெட்ரோல் குண்டு வீசி என் அண்ணன் கை ரெண்டையும் பொசுக்கினான் அந்த நல்லசிவம். உங்க காலில் வந்து விழுந்தவனைப் பிடித்து போலீசில் கொடுத்தீங்களா? மத்தியானம் என் அண்ணனுக்குச் சோறு ஊட்ட அனுப்பறீங்க! இது எந்த ஊர் நியாயம்?”

“நான் தீர்ப்புச் சொல்லவில்லையே. ‘என்ன செய்யட்டும்?’ என்று உன் அண்ணனைத்தான் கேட்டேன். ‘என் கை செய்த வேலையை அவன் கை செய்யட்டும்’ என்றார்.”

“அண்ணனுக்கு என்றைக்குத்தான் விவரம் இருந்தது? ஜெயிலில் போட்டால்தான் நாலு பேருக்குப் பயம் வரும்.”

“போன தேர்தலில் பஸ்ஸைக் கொளுத்தினானே பலவேசம், அவன் ஜெயிலுக்குப் போனானா?”

“போனான்.”

“இப்போது?”

வடிவாம்பாள் ஒரு காம்பைப் படக்கென்று முறித்தாள். “கவுன்சிலர்.”

“விடுதலையான அன்றைக்கு?”

“மேளம், மாலை, வெடி. என் வாயைக் கிளறாதீங்க சாமி. அதுக்காக, கையைப் பொசுக்கினவன் மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்குள் வந்து போறதா?”

குரு இன்னொரு இலையைப் பொறுக்கிப் போட்டார்.

சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப்போக நல்லசிவம் வந்தான். தூக்கைத் தொடவில்லை. குருவின் முன்னால் போய் நின்றான்.

“சாமி, என்னை போலீசிலேயே ஒப்படைச்சிடுங்க.”

“ஏனப்பா?”

“கட்சியில் வக்கீல் வைக்கிறேன்னு சொல்லிட்டாங்க. வெளியே வந்தா மாலைக்கும் ஏற்பாடாம். ஜெயிலுக்கெல்லாம் எனக்குப் பயமில்லை.”

“பிறகு எதற்குப் பயம்?”

அவன் தன் வலது கையைப் பார்த்தான்.

“குழம்பு கொதிக்கக் கொதிக்க இருக்கு சாமி. அவர் வாயருகே கொண்டு போறப்ப, ‘கொஞ்சம் ஊதிக் கொடுப்பா, சூடு தாங்காது’ங்கறார். திட்டினாக்கூடப் பரவாயில்லை. என்னால முடியலை.”

வடிவாம்பாளின் கை கீரையில் நின்றுவிட்டது.

குரு அவள் பக்கம் திரும்பினார்.

“நீ கேட்டதைத்தான் இவனும் கேட்கிறான், வடிவு. கொடுத்துவிடலாமா?”

வடிவாம்பாள் எழுந்து போய், கொதிக்கும் குழம்பைத் தூக்கில் ஊற்றினாள். மூடியை ஓங்கித் தட்டி மூடி, தூக்கை நல்லசிவத்தின் கையில் திணித்தாள்.