ஒரு சாட்சி போதும்

தெபோராள் வாயில் பொய் வராது என்பது சுகிர்தபுரம் முழுக்கத் தெரிந்த சங்கதி. தன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், காப்பி ஆறுவதற்குள், "பிள்ளைக்கு இடது காது மந்தம், பாத்துக்கிடுங்க" என்று சொன்னவள் அவள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை.

"உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தரட்டுமாட்டி?" என்று கேட்டாள் அக்காள் ஞானப்பூ.

"பொய் சொன்னா நரகம்க்கா" என்றாள் தெபோராள். நெருப்பு சுடும் என்று நம்புவதுபோல அதை நம்பினாள்.

ஞானப்பூவும் ஒரு காலத்தில் அப்படி நம்பியவள்தான். ஆறு வயது மகள் லீதியாள் காய்ச்சலில் கிடந்தபோது ஒன்பது நாள் முழங்காலில் நின்று மன்றாடினாள். பத்தாம் நாள் பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்தில், மேற்குச் சுவரோரம் உடைமரத்தடியில் புதைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் கோயில் படி ஏறவில்லை.

அந்த ஊர்ப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துக் கோயிலுக்கென்று தனிக் கலயத்தில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ஞானப்பூ அந்தக் கைப்பிடியை நிறுத்தவில்லை. கலயம் போன வழிதான் மாறியது. ஊருக்கு வெளியே, தேரி மணல்மேட்டுக்கு அப்பால் ஓலைக்குடிசைகளில் ஒதுக்கப்பட்டிருந்த தொழுநோயாளருக்கு அதைக் கஞ்சியாக்கிக் கொண்டுபோனாள். விரல் இல்லாதவர்களுக்கு ஊட்டினாள். புண் கழுவினாள். பத்தொன்பது வருஷம்.

வயிற்றுக் கட்டி அவளைப் பாயில் தள்ளியபோது சபைக் குரு ஆசீர்வாதம் ஐயர் பார்க்க வந்தார். கெட்ட மனிதர் அல்ல.

"நீங்க செஞ்சதுல பாதிகூட நான் செய்யலைம்மா. ஆனா செய்கையால ஒருத்தரும் கரையேற முடியாது. முடியும்னா சிலுவை எதுக்கு? விசுவாசிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எவ்வளவு பெரிய பாவிக்கும் அது போதும்."

"பொய்யாச் சொன்னாலும் போதுமா, ஐயரே?"

ஐயர் குடையை எடுத்துக்கொண்டார். வாசலில் தெபோராளிடம் சபை ஒழுங்கைச் சொன்னார்: இத்தனை வருஷம் விலகியிருந்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டுமென்றால், சாகும்போது விசுவாசத்தை அறிக்கையிட்டார்கள் என்று இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சுவருக்கு வெளியே, கள்ளிக்காட்டில்தான் குழி.

மறுநாள் காலை ஞானப்பூ தங்கையின் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, என்னை லீதியா பக்கத்துல போட்டுரு."

"சரிக்கா."

"சாகையில நம்பினான்னு மட்டும் சொல்லிராத. என் பிள்ளைக்கு நடந்ததை நானே சரின்னு சொன்ன மாதிரி ஆயிரும்."

"சரிக்கா."

ஒரு 'சரி'யைக் காப்பாற்றினால் மற்றது செத்துவிடும் என்று தெபோராளுக்கு அப்போதே தெரியும். மத்தியானத்துக்குள் ஞானப்பூவின் மூச்சு நின்றது.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்து வாசலில் பெட்டியை இறக்கினார்கள். தூரத்தில், மணல்மேட்டில், குடிசைக்காரர்கள் நின்றார்கள். அதற்குமேல் கிட்டே வர அவர்களுக்கு அனுமதி இல்லை.

"உள்ளயா, வெளியயா, ஐயரே?" என்றான் மண்வெட்டி வைத்திருந்தவன்.

ஐயர் தெபோராளைப் பார்த்தார். "உங்க அக்கா கடைசியில ஆண்டவரை அறிக்கையிட்டாங்களா?"

சுவருக்கு மேல் உடைமரத்தின் மஞ்சள் பூ தெரிந்தது. தெபோராள் அதையே பார்த்தாள். அக்காளுக்குக் கொடுத்த வாக்கு, தன் ஆத்துமா, இரண்டும் அந்த ஒரு சொல்லுக்குள் கிடந்தன.

"ஆமா ஐயரே. சொன்னா."

கூட்டத்தில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. தெபோராள் சொன்னால் அப்பீல் ஏது? ஐயர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். "உள்ளே தோண்டுங்க" என்றார். கோயில் மணி அடித்தது.

அடுத்த ஞாயிறு தெபோராள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து போனார்கள், பாவத்தோடு அதைத் தொடக்கூடாது என்று அவள் எழவில்லை. அதற்கடுத்த மாதமும் எழவில்லை. ஐயர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவள் சாகும்வரை அந்த பெஞ்சிலேயே இருந்தாள்.

சாகும்போதுகூட ஒரு பொய்யைச் சொல்ல மறுத்தவள் ஞானப்பூ. நரகம் உண்டு என்று நம்பிக்கொண்டே பொய்யைச் சொன்னவள் தெபோராள். அதைக் கேட்டுக் கதவைத் திறந்தவர் ஐயர். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஐயர் கேட்டிருக்க வேண்டியது இரண்டு சாட்சி. ஒன்றோடு நிறுத்திக்கொண்டார், அது பொய் என்று அவருக்குத் தெரியும். இறந்தவளுக்காக ஒழுங்கை மீறியவர், கடைசி பெஞ்சில் உயிரோடிருந்தவளுக்காக வாயைத் திறக்கவில்லை. அவருடைய இரக்கம் பாதி வழியில் நின்றுவிட்டது. ஞானப்பூ தன் உண்மையைக் கடைசிவரை காத்தாள்; அதன் பாரத்தைத் தங்கை தலையில் ஏற்றிவிட்டுப் போனாள். சரியாகச் செய்தவள் தெபோராள். நரகத்தை நம்பாதவள் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தெபோராளோ நம்பியதால்தான் எல்லாவற்றையும் கொடுத்தாள். விசுவாசமும் செய்கையும் ஒருமுறையாவது ஒன்றாக நின்றது அந்த வாசலில்தான். இதை அவளிடம் எடுத்துச் சொல்லக்கூடியவள் அந்த ஊரில் ஒருத்திதான் இருந்தாள். அவளோ உடைமரத்தடியில், மகளுக்குப் பக்கத்தில் கிடந்தாள்.