பாயசத்தில் விழுந்த பல்லி

முன்னொரு காலத்திலே ஓர் ஆற்றங்கரை நாட்டை முடிவேலன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் மூக்கு நுனியில் கோபம். ஏரி உடைந்தது என்று சொல்ல வந்தவனையே மொட்டையடித்து அனுப்பிய புண்ணியவான்!

அதைப் பார்த்த ஒற்றர் தலைவர் வச்சிரநாதர் ஒரு வழக்கம் வைத்தார். ராஜாவுக்குப் போகும் எந்த ஓலையும் மூன்று அதிகாரிகள் கைமாறித்தான் மேலே வரும். ராஜாவின் மனம் நோகாதபடி ஒவ்வொருவரும் கொஞ்சம் மாற்றி எழுத வேண்டும். அழகாக மாற்றியவனுக்குப் பதவி உயர்வு. கேட்டீர்களா கூத்தை?

ஒருநாள் காலை, காடன் என்ற ஒற்றன் மூச்சிரைக்கச் சபைக்குள் வந்தான். "மன்னா, அக்கரை ராஜா முந்நூறு படகில் படை ஏற்றுகிறான். ஓலை அனுப்பி எட்டு நாளாச்சு, பதிலே இல்லை."

வச்சிரநாதர் சிரித்தார். "ஓலை வந்ததே! அக்கரையில் படகுத் திருவிழா என்றல்லவா இருந்தது? இவன் வீண் பீதி கிளப்புகிறான்."

"சாயங்காலம் இவன் தலையை வாங்குங்கள்" என்றான் ராஜா.

மந்திரி நக்கண்ணர் நேரே சமையற்கட்டுக்குப் போனார்.

மதியம் ராஜா சாப்பிட உட்கார்ந்தான். வச்சிரநாதர் ஓலையோடு வந்தார். "மன்னா, மடைப்பள்ளிச் செய்தி. இன்றைய பாயசம் தனிச் சுவையாம்."

"அப்படியா? தலைவரே முதலில் குடிக்கட்டும்" என்றார் நக்கண்ணர்.

"என் பாக்கியம்" என்று வச்சிரநாதர் கிண்ணத்தைத் தூக்கினார். நக்கண்ணர் ஒற்றர் சாவடியிலிருந்து வாங்கி வந்த, அதிகாரிகள் கைமாறிய ஓலைகளை ஒவ்வொன்றாக விரித்துப் படித்தார். "சமையற்காரன் எழுதியது: பாயசத்தில் பல்லி விழுந்தது. முதல் அதிகாரி: ஏதோ விழுந்தது. இரண்டாமவர்: புதிதாக ஒன்று சேர்ந்தது. மூன்றாமவர்: தனிச் சுவை."

கிண்ணம் கீழே விழுந்தது.

"பயப்படாதீர், பல்லி விழவில்லை. எழுதச் சொன்னது நான்தான். ஆனால் மன்னா, இது காடன் தன் கைப்பட எழுதிய ஓலை. முந்நூறு படகு என்றுதான் இருக்கிறது."

ராஜா இலையை விட்டு எழுந்தான். அப்போதே படை துறைக்கு ஓடியது. கரை நிறைய வேல்களைக் கண்ட அக்கரைப் படகுகள், வந்த வழியே திரும்பின. அப்பாடா! ஊரே நிம்மதியாக மூச்சு விட்டது.

"வச்சிரநாதரே, இனி நீர் துறையிலே காவல். திருவிழாவை முன்வரிசையில் நின்று பாரும்" என்றான் ராஜா. காடனை ஒற்றர் தலைவனாக்கி, "வேறென்ன செய்தி?" என்று கேட்டான்.

காடன் தயங்கினான். "தெற்கு மதில் விரிசல் விட்டிருக்கிறது. போன வருஷம் தாங்கள் நின்று கட்டிய மதில், மன்னா."

ராஜாவின் முகம் சிவந்தது. பாயசக் கிண்ணம் நினைவுக்கு வர, கோபத்தை விழுங்கிக்கொண்டான்.

"எத்தனை முழம் விரிசல்? உள்ளபடி சொல்லப்பா."