சக்கரம் ஏறாத தெரு

அந்தக் காலத்தில், மாடும் புறாவும் மனிதரும் ஒரே மொழியில் வாயாடிக்கொண்டிருந்தபோது, ஒரு தலைநகரத்தில் நீதிமன்றத்திலிருந்து அரண்மனைக்குப் போகும் தெரு ஒன்று இருந்தது. கருங்கல் பாவிய தெரு. அதில் நாள் முழுக்க வண்டிகள் ஓடும். இரும்புப் பட்டை போட்ட சக்கரம் கல்லில் உருண்டால் கேட்க வேண்டுமா! பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது.

சிலம்பாயி என்ற பெண் எட்டு நாளாக, மாலையில் வீடு திரும்பும் அமைச்சர் தென்னவராயரின் வண்டியோடு ஓடினாள். "என் வீட்டுக்காரர் திருடர் இல்லை, ஐயா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அமைச்சருக்குத் தெரிந்தது அசையும் வாயும் கூப்பிய கையும்தான். நம்மை வாழ்த்துகிறாள் என்று நினைத்து, அந்த நல்ல மனிதர் தினமும் சிரித்துக் கையசைத்துவிட்டுப் போனார். கொடுமையைப் பாருங்கள்!

ஒன்பதாம் நாள் அவள் அரண்மனை வாசலில் உட்கார்ந்து அழுதாள். மாடத்துப் புறா இறங்கி வந்தது.

"ஏனம்மா அழுகிறாய்?"

"என் புருஷன் காது கேளாதவர், வாய் பேசாதவர். அரண்மனைக் கன்று வழி தவறி வந்தது. பாவம் என்று கட்டிப் புல் போட்டார். திருடன் என்று பிடித்துப் போனார்கள். நாளை விடிந்தால் நாடு கடத்திவிடுவார்கள். அவருக்கு வாய் நான்தான். எனக்கு ஒரு காது கிடைக்கவில்லையே!"

"முழுசாகச் சொல். நான் கேட்கிறேன்."

இருவரும் தெருவோரமாக நடந்தார்கள். "திருடின கன்றை எவனாவது வாசலில், கழுத்து மணியோடு கட்டுவானா?" என்றாள். புறா ஒவ்வொரு அடிக்கும் தலையை ஆட்டி, "உம், உம்" என்றது. நீதிமன்றம் வந்தபோது அவள் சொல்லி முடித்திருந்தாள்.

"அட, உன் கதை இந்தத் தெரு நீளம்தான்! ஆனால் நான் கேட்டு என்ன? கேட்க வேண்டியவர் கேட்க வேண்டும்."

அப்போது அமைச்சரின் வண்டி புறப்பட்டது. புறா நடுத்தெருவில் போய் நின்றது.

"பறந்து போடி! இந்த வேகத்தில் என்னால் நிற்க முடியாது!" என்று வண்டி மாடு கதறியது.

புறா அசையவில்லை. மாடு குளம்பை ஊன்றி எப்படியோ நின்றுவிட்டது. ஆனாலும் சக்கரம் புறாவின் இரண்டு கால்களையும் உரசிவிட்டது. ரத்தம் வழிந்தது.

தென்னவராயர் பதறினார். "பைத்தியமே! பறந்திருக்கக் கூடாதா?"

"நான் பறந்தால் வண்டி போய்விடும் ஐயா. இவள் உங்களை வாழ்த்தவில்லை. தெருக்கோடி வரை இவளோடு நடங்கள், போதும்."

அமைச்சர் இறங்கி நடந்தார். சிலம்பாயி சொன்னாள். புறா நொண்டிக்கொண்டே தலையாட்டியது. அதைப் பார்த்து அவரும் "உம்" கொட்டினார்.

அரண்மனை வாசலில் அவர் நின்றார். "எட்டு நாளும் நான் கையசைத்தேனா, தாயே?"

"ஆமாம் ஐயா."

அவரே போய்ச் சிறைக் கதவைத் திறந்துவிட்டார். வெளியே வந்த கணவனுக்குச் சிலம்பாயி கைச்சாடையாலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் புறாவை மடியில் வைத்து, அதன் கால்களை வெகுநேரம் ஊதிக்கொண்டிருந்தான்.

அன்று முதல்தான் அந்தத் தெருவில் சக்கரம் ஏறுவதில்லை. எவ்வளவு பெரிய மனிதரானாலும் இறங்கி நடக்கிறார். புறாவின் கால் சிவந்ததும் அன்றுதான். இன்றும் அது தலையை ஆட்டி ஆட்டி நடக்கிறதே, பக்கத்தில் யாரோ தன் குறையைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள் என்றுதான் அதற்கு நினைப்பு.