ஓணான் ஆட்டிய தலை

முள்ளுக்காட்டுக் குளக்கரையில் ஓர் ஓணான் இருந்தது. பெயர் செங்கழுத்தன். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அதற்கு வெயில்தான் வீடு. எந்த மாதத்தில் எந்த நிழல் எங்கே விழும் என்பது அதற்கு அத்துப்படி. குளத்துக் கெண்டைமீன்தான் அதற்கு ஒரே சிநேகிதி.

அந்த வருஷம் சித்திரையிலேயே குளம் வற்றத் தொடங்கியது.

"அண்ணே, நான் எப்படியோ போறேன். என் குஞ்சுங்களுக்குத் தண்ணி வேணுமே!" என்று கெண்டை புலம்பியது.

காட்டோரம் மனிதர்கள் போட்டுவிட்டுப் போன சூரிய மின்தகடுகளும் ஒரு மோட்டாரும் குவிந்து கிடந்தன. அவற்றைப் பொட்டலில் வரிசையாக நட்டு, மோட்டார் ஓட்டி, பக்கத்துக் கிணற்றிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் இறைக்கலாம் என்றது நரி. எல்லோரும் கூடினார்கள். உச்சிவேளையில் நரி ஒரு தகட்டை நிறுத்திக் காட்டியது.

"பாருங்க! நிழல் தகட்டோட காலைத் தாண்டலை! வரிசைக்கு வரிசை ஆறு முழம் இடைவெளி எதுக்கு? ரெண்டு முழம் போதும்! இருநூறு வைக்கிற இடத்துல நானூறு வைக்கலாம்!"

செங்கழுத்தனுக்கு உண்மை தெரியும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். முன்வரிசையின் நிழல் பின்வரிசைமேல் ஏறிவிடும். அதைச் சொல்ல வாயைத் திறந்தது.

அதற்குள் நரி திரும்பியது. "வெயிலைக் கரைச்சுக் குடிச்சவர் நம்ம செங்கழுத்தர்! என்ன சொல்றீங்க, சரிதானே?"

எல்லார் கண்களும் அதன்மேல் விழுந்தன. படபடப்பு வந்தால் ஓணானுக்குத் தலை தானாக ஆடும். பிறவிக் குணம், என்ன செய்வது? இப்போதும் மேலும் கீழும் ஆடியது.

"செங்கழுத்தரே சரின்னுட்டார்!" என்று குரங்குகள் குதித்தன.

'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அதுவரை யாரும் அதைச் 'செங்கழுத்தர்' என்று மரியாதையாக அழைத்ததில்லை. அந்த மயக்கத்தில் பாவி வார்த்தையை விழுங்கிவிட்டது.

ஆவணி வரை தண்ணீர் கொட்டியது. நரிக்கு மாலைமேல் மாலை விழுந்தது.

புரட்டாசியிலிருந்து தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழையும் ஏமாற்றிவிட்டது. மார்கழி பிறந்தது. வெயில் பளிச்சென்று அடித்தது. ஆனால் முன்வரிசையின் நிழல் பின்வரிசையில் படிந்தது. தகடுகள் ஒரே கம்பியில் கோத்தவை. ஒன்று சுணங்கினால் கோத்தவை எல்லாமே சுணங்கிவிடும். மோட்டார் உறுமியது. பிறகு நின்றுவிட்டது.

"ஒண்ணு விட்டு ஒரு வரிசையைக் கழட்டுங்க!" என்று கரடி கத்தியது. பாதி கழற்றுவதற்குள் குளம் சேறாகிவிட்டது. நரியோ இன்னொரு காட்டுக்கு யோசனை சொல்லக் கிளம்பிவிட்டது.

சேற்றில் கெண்டை ஒருக்களித்துக் கிடந்தது. அதன் குஞ்சுகள் காலையிலேயே அடங்கிவிட்டன.

"அண்ணே... வெயில் இப்படி அடிக்குதே... தண்ணி ஏன் வரலை?"

செங்கழுத்தன் நிழல் விஷயத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னது.

கெண்டையின் செவுள் ஒருமுறை விரிந்து மூடியது. "இது உங்களுக்கு அப்பவே தெரியுமா அண்ணே?"

 செங்கழுத்தனின் தலை மேலும் கீழும் ஆடியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கெண்டை உயிரை விட்டது.

தெரியாமல் கெடுத்தவரைவிட, தெரிந்திருந்தும் சபையில் தலையாட்டிவிட்டு வந்தவரே பெரிய கேட்டைச் செய்தவர்.